கொடி, கீதம், குடியுரிமை: நாட்டுப்பற்று பற்றி குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, வாசகசாலை, தேவாலயப் பங்குப்பேரவை, ஊர்க்கமிட்டி, மகளிர் குழு என்று கொடியேற்றுகிற எல்லோருக்கும் ஆகஸ்ட், ஜனவரி மாதங்களில் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கயிறும் முடிச்சும் முதலில் வருகின்றன. 'நாட்டுக்கு விசுவாசம் என்றால் என்ன, அதை யார் அளப்பது' என்ற கனமான கேள்விகள் பின்னால் வருகின்றன. இரண்டையும் பிரிக்காமல் எழுதியதற்குக் காரணம் உண்டு. கொடியைத் தலைகீழாக ஏற்றிவிட்டு, பாடாமல் நின்ற பிள்ளையைத் துரோகி என்று திட்டிய கூட்டங்கள் நம் பக்கத்தில் நடந்திருக்கின்றன.

நாட்டுப்பற்று என்றால் என்னவென்று சட்டம் சொல்கிறதா?

இலக்கணம் எதுவும் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் உள்ளன. 1976இல் 42ஆவது திருத்தத்தில் பத்துக் கடமைகள் சேர்க்கப்பட்டன, 2002இல் பதினொன்றாவது வந்தது. அரசியலமைப்பைப் பின்பற்றுவதும் கொடியையும் கீதத்தையும் மதிப்பதும் முதல் கடமை. அதே பட்டியலில் ஆறு, ஏரி, காடுகளைக் காப்பது, மதம் மொழி தாண்டிய சகோதரத்துவம், அறிவியல் மனப்பான்மை ஆகியவையும் இருக்கின்றன. இந்தக் கடமைகளை மீறினார் என்று மட்டும் சொல்லி ஒருவரைத் தண்டிக்க முடியாது. தண்டனை வேண்டுமானால் தனிச் சட்டம் இருக்க வேண்டும். கொடிக்கும் கீதத்துக்கும் அப்படி இருப்பது 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம். அதில் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும்.

எந்தக் கொடி வாங்குவது? கதர்தான் வேண்டுமா?

கதர் கட்டாயம் என்ற நிலை, இந்தியக் கொடி விதித்தொகுப்பில் வந்த 2021 டிசம்பர் 30 திருத்தத்தோடு மாறிவிட்டது. பருத்தி, பாலியஸ்டர், கம்பளி, பட்டு, கதர் எதுவாகவும் இருக்கலாம், கைத்தறியோ இயந்திரத் தயாரிப்போ ஆகலாம். பிளாஸ்டிக் கொடி கூடாது.

நீள அகலம் 3:2. கடையில் வாங்கும்போது டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆகஸ்ட் மாதம் தெருவோரம் விற்கும் கொடிகளில் சதுரத்தை நெருங்கியவை நிறைய வருகின்றன. சக்கரத்தில் 24 ஆரம் இருக்க வேண்டும், எண்ணிப் பார்க்க அரை நிமிடம் போதும். சக்கரம் துணியின் இரு பக்கமும் தெரிய வேண்டும், நிறம் கடல்நீலம். இருபதடிக் கம்பத்துக்கு 900×600 அல்லது 1350×900 மில்லிமீட்டர் அளவு பாந்தமாக இருக்கும். அதற்கு மேல் போனால் காற்றில் கம்பம் ஆடும்.

கடற்கரை ஊர்களுக்கு எங்கள் பரிந்துரை பாலியஸ்டர். இடவப்பாதியின் (தென்மேற்குப் பருவமழையின்) வால் ஆகஸ்டிலும் விடாது. நனைந்த கதர் கனத்துக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், அவிழாது. தோவாளை, பூதப்பாண்டி பக்கம் உள்நாட்டில் இந்தச் சிக்கல் குறைவு, அங்கே கதர் நன்றாக இருக்கும்.

கம்பத்தில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கப்பியைத்தான். உப்புக்காற்றில் இரும்புக் கப்பி ஒரு வருஷத்தில் இறுகிவிடும். ஜனவரி 26க்குப் பிறகு ஆகஸ்ட் 14 அன்றுதான் நினைவு வரும், அப்போது ஏணி கிடைக்காது. ஒரு வாரம் முன்பே இறக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். மாற்றுவதாக இருந்தால் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள். கயிறு 8 மில்லிமீட்டர் நைலான். கம்பத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கோடு இரண்டு மீட்டர் கூட்டினால் கயிற்றின் நீளம் வரும், இருபதடிக் கம்பத்துக்கு ஏறக்குறைய 15 மீட்டர். தேங்காய் நார்க்கயிறு வேண்டாம், மழையில் ஊதிக் கப்பியில் சிக்கும்.

பூ வைத்துக் கொடி கட்டுவது எப்படி? ஏன் சில சமயம் அவிழ்வதில்லை?

கொடிக்குள் எதையும் வைத்துத் தூக்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் தேசிய நாட்களிலும் சிறப்பு விழாக்களிலும் விரிக்கும் முன் உள்ளே பூவிதழ் வைக்கக் கொடி விதித்தொகுப்பு அனுமதிக்கிறது.

கொடியின் கம்பத்துப்பக்க ஓரத்தில் வெள்ளைப் பட்டி இருக்கும், அதற்குள் கயிறு கோத்திருக்கும். காவி இருக்கும் நுனிதான் மேல் நுனி. இதைக் கட்டுவதற்கு முன் ஒரு தடவை விரித்த கொடியாகவே ஏற்றிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு கம்பக்கயிற்றின் மேல் முனையில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி அடையாளம் வையுங்கள். கயிற்றில்தான் கட்ட வேண்டும், கொடியில் வேண்டாம். தலைகீழ் கொடிகளில் பெரும்பாலானவை கட்டி முடித்த பொட்டலத்தில் எது மேல் என்று தெரியாமல் போவதால் வருகின்றன. வேண்டுமென்றே காவியைக் கீழே வைத்து ஏற்றுவது சட்டப்படி குற்றம். தவறிப்போய் நடந்தால் அந்த நிமிடமே இறக்கித் திருப்பிக் கட்டுங்கள், விழா நடுவில் ஆயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம்.

கட்டும்போது இருவர் வேண்டும். தரையில் படாமல் சுத்தமான பெஞ்சின் மேல் விரித்து, நீளவாக்கில் இரண்டு முறை மடித்துப் பட்டையாக்குங்கள். ஒரு கைப்பிடி இதழ், அதற்கு மேல் வேண்டாம். தோவாளையிலிருந்து வந்த பூவில் தெளித்த தண்ணீர் அப்படியே இருக்கும், முந்திய இரவே உதிர்த்துத் துணியில் பரப்பி உலரவிடுங்கள். ஈர இதழ் துணியில் ஒட்டிக் கறையும் விடும். பறக்கும் நுனியிலிருந்து கம்பத்துப்பக்கமாகச் சுருட்டி வாருங்கள். இப்போது கொடியின் அடிநுனிக்குப் போகும் கயிற்றைச் சுருளின் மேல் இரண்டே சுற்றுச் சுற்றி, மிச்சக் கயிற்றை ஒரு வளையமாக மடித்துச் சுற்றுக்கு அடியில் செருகுங்கள். வளையம் மட்டும்தான் நுழைய வேண்டும். கயிற்றின் முனையையே இழுத்து நுழைத்தால் அது கட்டு முடிச்சாகிவிடும், எத்தனை பேர் இழுத்தாலும் வராது.

மேலே ஏற்றியதும் மேல்நுனிக் கயிற்றைக் கம்பத்து ஆணியில் இறுக்கிக் கட்டுங்கள். இதை மறந்துவிட்டு விருந்தினர் கையில் கயிற்றைக் கொடுத்தால், அவர் இழுக்க இழுக்கப் பொட்டலம் முழுதும் கீழே இறங்கி வரும். மேல்கயிறு கட்டப்பட்டிருந்தால் அடிக்கயிற்றில் ஒரே ஒரு சுண்டல் போதும். அவிழவில்லையென்றால் கம்பத்தைக் குலுக்க வேண்டாம். இறக்கி, செருகலைத் தளர்த்தி, மறுபடி ஏற்றுங்கள். கூட்டம் ஒரு நிமிடம் காத்திருக்கும்.

ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் ஏற்றும் முறை வேறா?

டெல்லியில் வேறு. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் கீழிருந்து கொடியை ஏற்றுகிறார். ஜனவரி 26 அன்று உச்சியில் கட்டப்பட்ட கொடியைக் குடியரசுத் தலைவர் விரிக்கிறார். சென்னைக் கோட்டையில் சுதந்திர தினத்தில் முதலமைச்சர் கொடியேற்றும் உரிமை 1974இல் வந்தது. குடியரசு நாளில் மாநிலத் தலைநகரில் கொடியேற்றுபவர் ஆளுநர். பள்ளியிலும் ஊரிலும் இரண்டு நாளும் ஒரே மாதிரி கட்டி விரித்தால் தவறில்லை. விரைவாக ஏற்றுவது, நிதானமாக இறக்குவது என்ற ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்.

ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாளும் கூட. கோயில் கொடிமரத்திலேயே தேசியக்கொடியும் ஏற்றலாமா?

வேண்டாம். நம் கடற்கரைப் பங்குகளில் அதிகம் நடக்கும் பிழை இது, நல்ல மனதோடு செய்யும் பிழை. ஒரே கம்பத்தில் தேசியக்கொடியோடு இன்னொரு கொடி பறக்கக் கூடாது. தேசியக்கொடிக்கு மேலாகவோ பக்கத்தில் சமமாகவோ வேறு கொடியோ தோரணமோ இருக்கக் கூடாது. கம்பத்தின் உச்சியில் மாலை, சின்னம் எதுவும் கூடாது. திருவிழாக் கொடிமரத்தின் உச்சியில் சிலுவை இருக்கும், கொடிமரத்தைச் சுற்றித் தோரணம் இருக்கும். ஆகவே இடமே வேறாக இருக்கட்டும், பள்ளி மைதானமோ பங்கு அலுவலக முற்றமோ. கோயில் கொடை நடக்கும் இந்து ஊர்களுக்கும், பள்ளிவாசல் விழாக்களுக்கும், கட்சிக் கொடி நிற்கும் ஜங்ஷனுக்கும் இதே விதிதான். மூவண்ணத்தையே தோரணமாகக் கட்டுவதும் கூடாது. அலங்காரத்துக்கு வெறும் வண்ணக் காகிதம் போதும்.

வள்ளத்திலும் விசைப்படகிலும் கொடி கட்டலாமா?

கூரை, பக்கவாட்டு, பின்புறம் என்று படகின் மேல் போர்த்தக் கூடாது. தண்ணீரில் இழுபடும்படி விடக் கூடாது. குளச்சல், முட்டம் துறைமுகத்தில் அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) கட்டிய கொடி அலையடித்து நனைந்து தொங்குவது அவமதிக்கும் எண்ணத்தில் நடப்பதல்ல, ஆனாலும் தவிர்க்க வேண்டியது. கரையில் வலைக்கூடத்து முன்னால் கம்பம் நட்டு ஏற்றுங்கள். கார், பைக் விஷயமும் கிட்டத்தட்ட இதேதான். வாகனத்தில் கொடி பறக்கவிடும் உரிமை குறிப்பிட்ட பதவிகளில் இருப்போருக்கு மட்டும்.

வீட்டில் இரவிலும் விடலாமா?

விடலாம். 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு பொதுமக்கள் வீட்டில் இரவு பகலாகப் பறக்கவிடலாம். கிழிந்தும் கசங்கியும் இருக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற பட்டாளக்காரர் இறந்தால் உடல் மேல் கொடி போர்த்தலாமா?

அரசு மரியாதை, ராணுவ மரியாதை, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டும். குடும்பமாகப் போர்த்துவதை விதி அனுமதிக்கவில்லை. போர்த்தும்போது காவி தலைப்பக்கம். குழிக்குள்ளோ சிதைக்குள்ளோ கொடி போகக் கூடாது, அதற்கு முன் எடுத்து மடித்துவிட வேண்டும்.

யார் கொடியேற்ற வேண்டும்?

ஊராட்சியில் ஊராட்சித் தலைவர். அவர் எந்தச் சாதி, ஆணா பெண்ணா என்ற கேள்விக்கே இடமில்லை. பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றத் தடை வந்தால் அதைத் தடுக்கும்படி 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒருவர் கையில் கயிற்றைக் கொடுக்க மறுத்துவிட்டு அந்தக் கொடிக்கு வணக்கம் வைப்பதில் மரியாதை இல்லை. அப்படி நடந்தால் வட்டாட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும்.

தனியார் சங்கம், வாசகசாலைகளில் யாரும் ஏற்றலாம். தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளரை அழைத்து ஏற்றவைக்கும் ஊர்கள் இருக்கின்றன. அழைப்பதென்றால் அவருக்கு முதல் நாளே சொல்லி, கயிறு இழுக்கும் முறையையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

பாடல்களின் வரிசை என்ன?

தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் தேசிய கீதம். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலானது, 55 வினாடியில் பாட வேண்டும், எல்லோரும் நிற்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. தேசிய கீதம் 52 வினாடி. இரண்டையும் ஒலிபெருக்கியில் போடுவதைவிட வாயால் பாடுவது நல்லது. பதிவைப் போடும்போது நடுவில் நின்றுவிடுகிறது, அல்லது கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. கொடி விரிந்த உடன் கீதம் தொடங்குவதானால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிக் கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு மாணவன் மத நம்பிக்கை காரணமாகக் கீதம் பாட மறுக்கிறான். பள்ளியை விட்டு நீக்கலாமா?

முடியாது. இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்ட் 11 அன்றே பதில் சொல்லிவிட்டது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் நடந்த வழக்கு அது, பெயர் பிஜோ இம்மானுவேல் வழக்கு. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தினமும் கீதம் ஒலிக்கும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை. 1985 ஜூலையில் பள்ளி அவர்களை நீக்கியது. கேரள உயர் நீதிமன்றம் நீக்கியது சரி என்றது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. கீதத்தைப் பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நிற்பதே மரியாதை, பாடாதிருப்பது அவமதிப்பாகாது, நீக்கியது அவர்களின் பேச்சுரிமைக்கும் மத உரிமைக்கும் எதிரானது என்று தீர்ப்பளித்துப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

1971 சட்டத்தின் மூன்றாம் பிரிவு எதைக் குற்றம் என்கிறது என்று பாருங்கள். கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடும் கூட்டத்தில் இடையூறு செய்வதும். மௌனம் அந்தப் பட்டியலில் இல்லை.

தலைமையாசிரியருக்கு நடைமுறையில் நாங்கள் சொல்வது இது. காலைக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையை முன்வரிசைக்கு அழைக்காதீர்கள். பெற்றோரைத் தனியாக அழைத்து, எழுந்து நிற்பானா என்று மட்டும் கேளுங்கள். நிற்பான் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், எழுதி வாங்க வேண்டாம், வகுப்பில் அறிவிக்கவும் வேண்டாம். மற்ற பிள்ளைகள் 'இவன் ஏன் பாடலை' என்று கேட்டால் ஆசிரியர் இந்தத் தீர்ப்பைப் பாடமாகச் சொல்லலாம். குடிமையியல் வகுப்புக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் அமையாது.

திரையரங்கைப் பொறுத்தவரை, படத்துக்கு முன் கீதம் கட்டாயம் என்ற 2016 நவம்பர் உத்தரவை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மாற்றியது. போடுவது இப்போது கட்டாயமில்லை, போட்டால் எழுந்து நிற்க வேண்டும். எழ முடியாதவரை அதட்ட யாருக்கும் அதிகாரம் கிடையாது. அவருக்கு முட்டுவலி இருக்கலாம்.

தாய்த்தமிழகத்தோடு சேரப் போராடியவர்கள் அன்றைய அரசுக்குத் துரோகம் செய்தார்களா?

அப்படித்தான் அன்று சிலர் சொன்னார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழ் பேசும் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்புச் சட்டப்படி நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துக்கு வந்தன. கேட்ட எல்லாம் கிடைக்கவில்லை, தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றன.

மாநில அரசை எதிர்த்தார்கள், சிறை சென்றார்கள், மொழிக்காக நின்றார்கள். இந்தியாவை விட்டுப் போகிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை. இந்திய நாடாளுமன்றத்திடம் கேட்டு, அதன் சட்டத்தின் வழியாகவே பெற்றார்கள். மொழிப்பற்றும் நாட்டுப்பற்றும் ஒன்றையொன்று தின்னும் என்று யாராவது சொன்னால், இந்த மாவட்டம் உருவான விதத்தையே பதிலாகக் காட்டலாம். அதே அளவுக்கு, வீட்டில் மலையாளம் பேசும் விளவங்கோட்டுக் குடும்பத்தின் தமிழகப் பற்றையும் சந்தேகிக்க இடமில்லை.

பேச்சுப்போட்டிக்கு 'விசுவாசம்' என்ற தலைப்பு. மாவட்ட வரலாற்றிலிருந்து யாரைச் சொல்லலாம்?

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் தொடங்குங்கள். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய் பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார். கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. டச்சுக்காரர் பார்வையில் அவர் கட்சி மாறியவர், இந்த மண்ணுக்கு விசுவாசி.

நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அதிகாரி. டி லனாயோடு பழகி, 1745இல் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கல்லறை கோட்டாறு சவேரியார் ஆலயத்தில், புனிதர் பட்டம் 2022 மே 15. மதம் மாறியதற்காகக் கொன்றார்கள் என்பது திருச்சபையின் கூற்று, ராஜதுரோகக் குற்றம்தான் காரணம் என்று மறுப்போரும் உண்டு. போட்டி மேடையில் இரண்டையும் சொல்லுங்கள். நடுவருக்குப் பிடிக்குமோ என்று ஒன்றை விழுங்க வேண்டாம்.

நாஞ்சில் நாட்டு வழிவந்த செண்பகராமன் பிள்ளையைச் சேர்க்கிற மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கியது உண்மை. கப்பலின் தலைவர் ஃபான் முல்லர். செண்பகராமன் அதில் வந்தார் என்பது செவிவழிக் கதை, அதை விட்டுவிடலாம். அவர் பெர்லினில் இந்திய விடுதலைக்கு இயங்கியதும், 1915இல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவுப் பொறுப்பு வகித்ததும், 1934இல் ஜெர்மனியில் இறந்ததும், 1966இல் அஸ்தி இந்தியக் கடற்படைக் கப்பலில் கொச்சிக்கு வந்ததும் போதுமான வரலாறு.

அரசைத் திட்டினால் தேசத்துரோகமா?

இல்லை. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையைத் தூண்டாத கடும் விமர்சனம் குற்றமாகாது என்றது. 1995இல் பல்வந்த் சிங் வழக்கில், யாரும் அசைந்துகொடுக்காத சில முழக்கங்களை எழுப்பியதாலேயே தேசத்துரோகம் ஆகிவிடாது என்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய தேசத்துரோகப் பிரிவான 124ஏவை 2022 மே மாதம் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல், அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு நடப்பில் இருக்கிறது. நாட்டின் இறையாண்மையையும் ஒற்றுமையையும் ஆபத்துக்குள்ளாக்கும் செயலுக்கு ஆயுள் சிறை அல்லது ஏழாண்டு வரை சிறை என்று அதில் தண்டனை உண்டு. சட்டவழியில் மாற்றம் கேட்டு அரசின் நடவடிக்கையைக் கண்டிப்பது குற்றமில்லை என்ற விளக்கமும் அதே பிரிவில் இருக்கிறது.

பக்கத்து மாவட்டத்துக் கூடங்குளப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவு உட்பட வழக்குகள் போடப்பட்டன, அவற்றை விலக்கிக்கொள்ள முயலும்படி 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 டிசம்பரில் ஒக்கி புயலுக்குப் பின், கடலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் கடற்கரை மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். கடற்படையை அனுப்பு என்று கேட்டவர்கள், அது தங்கள் கடற்படை என்று நம்பியவர்கள். நாட்டை அந்நியமாக நினைப்பவன் அதனிடம் உரிமையோடு கேட்க மாட்டான்.

வழக்கு வந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100.

மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் கொடியேற்றலாமா?

தாராளமாக. கொடியை மதிக்கக் குடியுரிமைச் சான்று தேவையில்லை. குடியுரிமை பற்றிக் கேட்பவர்கள் பிறந்த தேதியைப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன் வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அதன் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். முகாம்களில் 1987க்கு முன் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், குடியுரிமை கேட்டு வழக்குப் போட்டால் அதன் போக்கே அந்தத் தாளில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தால் நாட்டைக் கைவிட்டதாகுமா?

சட்டம் அந்தக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் விளைவுகள் கறாரானவை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்த கணமே, குடியுரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமை கிடையாது. பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும், அதை வைத்துப் பயணம் செய்தால் அபராதம். பிறகு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கலாம். அதில் விசா இல்லாமல் வந்துபோகலாம், ஓட்டுரிமையும் அரசு வேலையும் கிடையாது.

நம் மாவட்டத்தில் பலர் அறியாமல் சிக்குவது நிலத்தில். ஓசிஐ அட்டைக்காரர் ரப்பர் தோட்டமோ தென்னந்தோப்போ வயலோ விலைக்கும் தானமாகவும் வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்திருக்கலாம். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமகனுக்கும் இதே தடை உண்டு. அந்நியச் செலாவணி விதியில் எண்ணப்படுவது வசிக்கும் இடம், பற்றின் அளவு இதில் வரவே இல்லை. வீடும் வீட்டுமனையும் வாங்கத் தடை இல்லை.

வளைகுடாவில் இருப்பவர் ஓட்டுப் பட்டியலில் சேர 6ஏ படிவம் கொடுக்கலாம், ஆனால் பாஸ்போர்ட் முகவரிக்கு உரிய வாக்குச்சாவடிக்கு நேரில் வந்துதான் ஓட்டுப் போட முடியும். அங்கே பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். தாமதித்தால் அலைச்சல்.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் கலைந்துவிடுகிறோம். அந்த நாளில் வேறென்ன செய்யலாம்?

ஊராட்சியாக இருந்தால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1. மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளே கிராம சபை நாளாகவும் வருவதை ஊர்கள் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. குறைந்தபட்ச வருகை, மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கை இல்லாமல் நிறைவேற்றிய தீர்மானம் நிற்காது. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையை நிரப்பும் பழக்கம் இருந்தால் அதை அங்கேயே எழுந்து கேளுங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள், உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் 82 விழுக்காட்டு மக்கள் நகர்ப்புறத்தில் கணக்கிடப்பட்டவர்கள். பேரூராட்சி, நகராட்சி, நாகர்கோவில் மாநகராட்சி எல்லைக்குள் கிராம சபை கிடையாது. அங்கே வார்டுக் குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. கவுன்சிலரிடம் அடுத்த பகுதி சபை எப்போது என்று கேளுங்கள்.

கொடியை எப்படி மடித்து வைப்பது? கிழிந்த கொடியை என்ன செய்வது?

கிடைமட்டமாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடியுங்கள். பிறகு வெள்ளைப் பட்டையை இரு பக்கமிருந்தும் மடித்தால் சக்கரமும் ஓரத்தில் சிறிது காவி, பச்சையும் மட்டும் மேலே தெரியும். ஈரத்தோடு மடித்தால் இரண்டு நாளில் கரும்புள்ளி விழும், நிழலில் உலர்த்தி மடியுங்கள்.

கிழிந்தால் தைத்து ஏற்ற வேண்டாம். தனியிடத்தில், மரியாதையோடு, முழுமையாக எரித்துவிடலாம். குப்பைத்தொட்டியிலும் சானல் வாய்க்காலிலும் போடக் கூடாது. பாலியஸ்டர் எரிந்தால் உருகிச் சொட்டும். அதனால் மண் சட்டியில் வைத்து, காற்றுக்கு எதிரே நிற்காமல் எரித்து, ஆறிய பின் சாம்பலை ஆள் மிதிக்காத இடத்தில் புதையுங்கள். ஆகஸ்ட் 16 காலையில் பிள்ளைகளோடு தெருவில் ஒரு நடை நடந்து, விழுந்து கிடக்கும் காகிதக் கொடிகளையும் பொறுக்கிச் சேர்த்து அதே சட்டியில் இடலாம்.